ஃபோர்ட் கொச்சியில் ஓர் அறை

படகுத்துறையில் இறங்கிய குருவம்மாளின் தலையில் ஒரு மூட்டை, கையில் ஒரு பை, கக்கத்தில் பிரஷர் குக்கர். ஃபோர்ட் கொச்சிக்குக் கடல் பார்க்க வருகிறவர்கள் யாரும் குக்கரோடு வருவதில்லை. அவள் கடல் பார்க்க வரவில்லை, குடியிருக்க வந்திருந்தாள்.

மாட்டுப்பட்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தாறு வருஷம் கொழுந்து எடுத்தவள். தோட்டத்தில் ஒருத்திக்கு வேலை கொடுத்தால் லயம் என்கிற வரிசைக் குடியிருப்பில் வீடும் கொடுப்பார்கள். மாமியார், பிள்ளை, விருந்தாளி என்று அத்தனை பேரும் அந்த ஒற்றை அறைக்குள் அடங்கிக்கொள்வார்கள். யார் நீ என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் இங்கே சுற்றுலாக்காரர்கள் தங்கும் ஹோம்ஸ்டேயில் வேலை செய்யும் மகள் சோனா, "எனக்கு ரூம் குடுத்திருக்காங்கம்மா" என்று போனில் சொன்னபோது குருவம்மாளுக்கு இரண்டாவது யோசனையே வரவில்லை. இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் பாக்கி இருந்தது. முழங்கால் வலி தாங்காமல் வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாள். கோழிகளைப் பக்கத்து வீட்டுக் கற்பகத்திடம் கொடுத்தாள். நேற்று ஆபீசில் வீட்டுச் சாவியையும் ஒப்படைத்தாள். மகளிடம் மட்டும், பார்க்க வருவதாகச் சொன்னாளே தவிர, வேலையை விட்டதைப் பற்றி மூச்சு விடவில்லை. நேரில் சொல்லிச் சந்தோஷப்படுத்த வேண்டுமாம்!

படகுத்துறைக்கு அழைக்க வந்திருந்த சோனா மூட்டையைப் பார்த்துச் சிரித்தாள். "ரெண்டு நாளைக்கு எதுக்கும்மா இம்புட்டுச் சாமான்?"

"கெடக்கட்டும் தாயி" என்றாள் குருவம்மாள்.

ஹோம்ஸ்டேயின் பின்பக்கம் அந்த அறை. ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டில்கள், ஆறு பெண்கள்.

"வெளியாள் யாரும் தங்கக்கூடாதும்மா. முதலாளிகிட்டக் கெஞ்சி ரெண்டு நாளைக்குக் கேட்டு வாங்கியிருக்கேன். நீ என் கட்டில்ல படுத்துக்க, நான் தரையில படுத்துக்கிறேன்."

பெற்றவள் வெளியாளாகிவிட்டாள். மகள் மேல் கோபப்படவும் வழியில்லை. பாவம், அவள் கெஞ்சியல்லவா வாங்கியிருக்கிறாள்.

சாயங்காலம் சோனா ஊரைச் சுற்றிக் காட்டினாள். சீனவலை, பழைய சர்ச், வெள்ளைக்காரன் கட்டிய பங்களாக்கள். கப்பலில் வந்தவனெல்லாம் கேட்காமல் கொள்ளாமல் குடியேறிய ஊர் அது. குருவம்மாளுக்கு ஒன்றும் மனதில் ஏறவில்லை. எப்படிச் சொல்வது, எங்கே ஆரம்பிப்பது என்பதே கவலை. கடற்கரையில் உட்கார்ந்ததும், சரி, சொல்லிவிடலாம் என்று மகள் பக்கம் திரும்பினாள்.

சோனா முந்திக்கொண்டாள். "சீசன் முடிஞ்சதும் பத்து நாள் லீவு போட்டு ஊருக்கு வாரேன்மா. இங்க ஆறு பேரோட மூச்சு முட்டுது. நம்ம வீட்ல கதவச் சாத்திட்டு நிம்மதியாத் தூங்கணும். அது ஒண்ணு இருக்குன்னுதான் இங்க பல்லக் கடிச்சிட்டு இருக்கேன்."

சுற்றிலும் திருவிழாபோலக் கூட்டம். புருஷன் செத்த அன்றுகூடக் குருவம்மாள் இவ்வளவு தனியாக இருந்ததில்லை. மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

"வா தாயி. வந்து ஆசை தீரத் தூங்கு" என்றாள்.