தங்கக் கவசத்தின் மூச்சு

விண்வெளிச் சண்டை வீடியோ விளையாட்டில் சுடப்பட்டு விழும் வேற்றுக்கிரகக் காலாட்படைக்குக் குரல் கொடுப்பதுதான் அவர் தொழில். "செத்துத்தான் சோறு தின்கிறேன்" என்று அவரே சொல்லிக்கொள்வார். அந்தப் படையில் சாம்பல் தலைக்கவசம் கடைநிலை, அதற்கு மேலே சிவப்பு, எல்லோருக்கும் உச்சியில் தங்கக் கவசம். விளையாட்டின் முதல் மூன்று பாகங்களிலும் சாம்பல் சிப்பாயாகவே அலறித் தொண்டை தேய்ந்தவர், நான்காவதில் ஒலிப்பதிவு இயக்குநரை நச்சரித்தே தங்கக் கவசத்தை வாங்கிவிட்டார்.

ஒலிப்பதிவு நாளன்று வெந்நீரில் வாய் கொப்பளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் போனார். மைக்குக்குச் சட்டை தெரியாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் தங்கம் அல்லவா?

இயக்குநர் கொடுத்த தாளில் ஒரு வரிகூட இல்லை.

"தம்பி, என் வசனம் எங்க?"

"தங்கக் கவசம் பேசாதுண்ணே. செத்தாலும் கத்தாது, அதான் கெத்து. நீங்க மூச்சு மட்டும் விடுங்க."

சாம்பல் சிப்பாய்க்காவது பன்னிரண்டு விதமான அலறல் இருந்தது. அவர் மூக்கால் இழுத்து, அடித்தொண்டையில் உறுமி விட்டார். ஏழாவது டேக்தான் ஓகே ஆனது. முதல் ஆறிலும் மூச்சில் பயம் தெரிந்ததாம்.

வீட்டுக்கு வந்ததும், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவிக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"இனிமே நான்தான் படையில உச்சம். கேளு" என்று அந்த மூச்சை விட்டுக் காட்டினார்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இதையா? இதுக்குத்தானே கல்யாணமான நாள்லேருந்து காதுல பஞ்சு வச்சுக்கிட்டுப் படுக்கறேன்!"