மணவாட்டிக்கு ஒரு வாடகை இடம்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் நடன உடுப்புகளை வாடகைக்கு விடும் கடைகள் நாலைந்து உண்டு. சொந்தமாக வெப்சைட் வைத்திருப்பது தன் கடை மட்டும்தான் என்று பகவதிப்பெருமாளுக்குக் கொஞ்சம் கர்வம். ஆனால் அதை அவர் திறந்து பார்த்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. திறந்தால் உள்ளே மகள் நிற்பாள்.

அதைச் செய்தவளே மகள் ஷில்பாதான். கலோத்சவம் என்ற பள்ளிக் கலைவிழா வந்துவிட்டால் ஆற்றிங்கலிலிருந்தும் நெடுமங்காட்டிலிருந்தும் டீச்சர்மார் பஸ் ஏறி வந்து, பத்து உடுப்பைப் பிரித்துப்போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் போவார்கள். வீட்டிலிருந்தே பார்த்துச் சொல்லட்டுமே என்றாள் ஷில்பா. மாடலுக்குத் தனியாக ஆள் எதற்கென்று எல்லா உடுப்பையும் தானே உடுத்திக்கொண்டு நின்றாள். பரதநாட்டியத்துக்கு ஒரு ஷில்பா, மோகினியாட்டத்துக்கு ஒரு ஷில்பா, ஒப்பனாவுக்கு ஒரு ஷில்பா. ஒப்பனா முஸ்லிம் கல்யாண வீட்டு ஆட்டம். தோழிகள் கைகொட்டிப் பாடிச் சுற்றிவர, நடுவில் மணப்பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். மணவாட்டி என்பார்கள். அந்த மணவாட்டியின் முக்காட்டுக்குப் பச்சையில் பொன் கரை வைத்து ஷில்பாவே வரைந்து தைத்தாள். பச்சை வேண்டாம், சிவப்பு போடு என்று பகவதிப்பெருமாள் இரண்டு நாள் சண்டை போட்டார். அவள் கேட்கவில்லை. அந்த வருஷம் அதிகமாக வாடகைக்குப் போனது அந்தப் பச்சைதான்.

போன வருஷ மழைக்காலத்தில் ஷில்பாவுக்கு எலிக்காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்த பெண், ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இருபத்துமூன்று வயது. இதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

அதன்பிறகு உலகம்மை, அவர் மனைவி, மகளுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டாள். சோறு இல்லை, தண்ணீர் இல்லை. கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் ஆறாது என்று மைத்துனர் சொன்னார். ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில், வீட்டிலிருந்த படங்களை எல்லாம் இரண்டு பையில் கட்டி நாகர்கோவிலுக்குத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார் பகவதிப்பெருமாள். உலகம்மை திரும்பி வந்து சுவரைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மெல்ல மெல்லச் சாப்பிடத் தொடங்கினாள், அக்கம்பக்கத்தில் பேசத் தொடங்கினாள். தான் செய்தது சரிதான் என்று அவர் நம்பினார். ஷில்பா என்ற பேரை மட்டும் இருவரும் வீட்டுக்குள் எடுக்கவில்லை.

இந்த வருஷம் கலோத்சவம் நெருங்கியபோது வெப்சைட் அடிக்கடி படுத்துக்கொண்டது. டீச்சர்மார் போன் செய்து, "அண்ணாச்சி, ஒண்ணும் ஓப்பன் ஆகல்லியே" என்றார்கள். வெப்சைட்டுக்கு இடம் தந்திருந்த பழைய ஹோஸ்டிங் கம்பெனியோ வருஷ வாடகையையும் கூட்டிக் கேட்டது. கரமனையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் வெப்சைட் வேலை செய்துகொடுக்கும் ஷிஜாவிடம் போனார். ஷில்பாவுக்கு அறிமுகமானவள், எல்லையோரப் பாறசாலைக்காரி, தமிழும் மலையாளமும் ஒரே வாயில் வரும்.

"பழைய ஆளு ஒரே கம்ப்யூட்டர்ல ஆயிரம் கடைய அடச்சு வச்சிருக்கான் அண்ணாச்சி. ஒரு கடையில கூட்டம் கேறினா மத்தவனுக்கு எடம் கெடையாது. நம்ம வேற எடம் பாக்கணும்."

வாழ்நாள் முழுக்க வாடகைக்கு விட்டவருக்கு வாடகைக்கு இடம் பிடிக்கச் சொல்லித்தர வேண்டுமா? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கெடங்கு எங்க இருக்கு?"

"எந்தக் கெடங்கு?"

"நம்ம சாமான வைக்குத எடம் ஒண்ணு இருக்கும்லா மக்ளே."

ஷிஜாவுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று இடம் காட்டினாள். ஒன்று வெளிநாட்டுக் கம்பெனி: முதல் வருஷம் சும்மா தருகிற மாதிரி தந்துவிட்டு அடுத்த வருஷம் கழுத்தைப் பிடிக்கும். இன்னொன்று மைத்துனர் சொன்ன நாகர்கோவில்காரர்: தெரிந்த ஆள், தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே வைத்துத் தருவாராம். "கரண்ட் போனா?" என்று பகவதிப்பெருமாளே கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவரைத் தள்ளிவிட்டார். மூன்றாவது கம்பெனியின் கிடங்கு மும்பையில். வெள்ளம் வந்தால்? வேறு ஊரில் இன்னொரு காப்பி இருக்கும். தீப்பிடித்தால்? அதே காப்பிதான். ராத்திரி கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவது? எந்த நேரமும் ஆள் இருக்கும். வாடகை கொஞ்சம் கூடுதல்.

"எத்தன பேரு வந்து பாக்குதாங்கன்னு தெரிஞ்சா எந்தப் பிளான் போதும்னு சொல்லிருவேன்" என்று ஷிஜா பழைய கணக்கைத் திறந்தாள். திரையில் ஒரு மூலையில் கடையின் முகப்பு தெரிந்தது. சலங்கை கட்டிய ஒரு கால், ஒரு பின்னல். பகவதிப்பெருமாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"படமெல்லாம் மாத்தணுமா அண்ணாச்சி? புதுசு எடுத்தா..."

"வேண்டாம். கெடக்கட்டும்."

அவள் கணக்கை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். பிறகு ஷிஜா, "இதென்ன?" என்றாள். "ஒரே கனெக்‌ஷன்ல இருந்து எப்பளும் தொறந்திட்டே இருக்கு. தெவசமும். உச்சைக்குத் தொடங்கினா சாயந்தரம் வரைக்கும். அதும் ஒரே பேஜு. ஒப்பனா மணவாட்டி."

"ஆரு?"

"ஆளு தெரியாது கேட்டோ. திருவனந்தபுரம், லோக்கல் கேபிள்காரன் நெட்டு. அவ்வளவுதான் காட்டும்."

பகவதிப்பெருமாளுக்கு உடனே தெரிந்துவிட்டது. தங்கையன். இரண்டு கடை தள்ளி இதே உடுப்பு வாடகைக் கடை வைத்திருப்பவன். போன மாதம்தான் அவன் கடை வாசலில் பச்சையில் பொன் கரை போட்ட ஒரு முக்காடு தொங்கியது. சாலையில் ஒருவன் சரக்கை இன்னொருவன் பார்த்துச் செய்வது புதிதல்ல, அவரே செய்திருக்கிறார். ஆனால் இது அவர் சரக்கு அல்ல. பிள்ளை உட்கார்ந்து யோசித்து வரைந்தது. பிள்ளை போன பிறகும் அவள் மூளையை ஒருவன் மத்தியானம் தோறும் உட்கார்ந்து திருடுகிறானே என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அவன வெளிய தள்ள வழி உண்டா?"

"இந்த மும்பைக்காரங்கட்ட உண்டு. அந்தக் கனெக்‌ஷன மட்டும் பிளாக் செய்யலாம். மத்தவங்களுக்கு ஒண்ணும் குழப்பமில்ல."

"அப்பம் இதே மதி, வேற பாக்காண்டாம். இதுலயே போடு."

இப்படித்தான் கடைக்கு ஹோஸ்டிங் முடிவானது. மூன்று வருஷத்துக்குச் சேர்த்து எடுத்தால் லாபம் என்றாள் ஷிஜா, அப்படியே எடுத்தார். சாமான் எல்லாம் புது இடத்துக்கு மாறியது, பழைய கணக்கை மூடினார்கள், தங்கையனுக்குக் கதவு சாத்தப்பட்டது. அன்று சாயந்தரம் தங்கையன் கடை வாசலில் நின்று, "அண்ணாச்சி, சாயா குடிச்சாச்சா?" என்று எப்போதும்போலக் கேட்டான். பகவதிப்பெருமாள் காதில் விழாதவர்போல நடந்தார். வெகுநாளைக்குப் பிறகு மகளுக்காக ஏதோ செய்துவிட்ட திருப்தி இருந்தது.

அந்த வாரமே உலகம்மை மறுபடி சாப்பாட்டை விட்டாள்.

முதலில் அவர் கவனிக்கவில்லை. கடையில் கூட்டம். ராத்திரி வந்தால் சோறு போட்டது போட்டபடி இருக்கும். கேட்டால், "பசிக்கல்ல" என்பாள். கோயிலில் யாராவது மகளைப்பற்றிக் கேட்டுத் தொலைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, முகம் தெரியாத அந்தப் பெண்களை மனதுக்குள் ஏசினார். ஒரு மத்தியானம் வீட்டுக்கு மூன்று தடவை போன் செய்தும் அவள் எடுக்கவில்லை. கடையை வேலைக்காரனிடம் விட்டுவிட்டு மணக்காட்டு வீட்டுக்கு ஸ்கூட்டரை விரட்டினார்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. உலகம்மை ஹாலில் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் போன். அதைத் தொடுகிறாள், பார்க்கிறாள், மறுபடி தொடுகிறாள். வெள்ளைத் திரையில் சிவப்பாக, அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. மேலே கடையின் பெயர்.

அவர் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்.

உலகம்மை தலை நிமிர்ந்தாள். கோபம் இல்லை, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "வீட்டுல இருந்ததெல்லாம் எடுத்தீங்க. நான் ஒரு வாக்கு சொன்னனா? உங்களுக்கும் பாக்க முடியாமத்தான் எடுத்தீங்கன்னு கெடந்தேன். கடையில நின்ன பிள்ளையயும் எதுக்கு எடுத்தீங்க?"

"நான் எடுக்கல்ல, உலகம்ம."

"நீங்க கடைக்குப் போன பெறவு, வேலைய முடிச்சிட்டு, அவகிட்டப் போயி கொஞ்சம் இருப்பேன். பெறவு எந்திரிச்சு சோறு திம்பேன். அவ்வளவுதான் செஞ்சேன். அதுல உங்களுக்கு என்ன நட்டம்?"

பகவதிப்பெருமாள் ஸ்கூட்டர் சாவியைக் கீழே வைத்தார். அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். மத்தியானம் தொடங்கி சாயந்தரம் வரைக்கும், ஒரே பக்கம் என்று ஷிஜா சொன்னது காதில் கேட்டது. படங்களை எடுத்ததால் இவள் தேறினாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோமே என்று நினைத்தார். தான் கெடுத்ததை அந்தப் பிள்ளைதான் தினமும் வந்து சரிசெய்துகொண்டிருந்திருக்கிறது. போனை எடுத்து ஷிஜாவைக் கூப்பிட்டார்.

"என்ன அண்ணாச்சி, அவன் வேற வழியா வந்துட்டானா?"

"அது தங்கையன் இல்ல மக்ளே." உலகம்மையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அது எங்க வீட்டு நெட்டாக்கும். அவ அம்மையாக்கும். தொறந்து விடு."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஷிஜா மெதுவாக, "இப்பமே தொறக்கேன் அண்ணாச்சி. கட் பண்ணாண்டாம்" என்றாள்.

உலகம்மை மறுபடி தொட்டாள். மேலிருந்து கீழாக, கொஞ்சம் கொஞ்சமாக, பச்சை முக்காடு வந்தது. பொன் கரை வந்தது. தலைகுனிந்து, சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு ஷில்பா வந்தாள்.

பகவதிப்பெருமாள் திரும்பிக்கொள்ளவில்லை. பார்த்தார். படத்தின் ஓரத்தில், பின்னால் மறைப்புக்குப் பிடித்திருந்த துணியில் இரண்டு விரல் தெரிந்தது. உலகம்மையின் விரல். படம் எடுத்த அன்று துணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். பொண்ணக் கெட்டிக் குடுக்க நேரமாச்சு என்று ஏதோ கேலி பேசியிருப்பாள்; அதற்குத்தான் பெண் சிரிக்கிறாள். அம்மையும் மகளுமாகச் சேர்ந்திருக்கும் கல்யாணப் படம் இது ஒன்றுதான்.

"பச்ச அவளுக்கு நல்லா இருக்கு" என்றார். "நான்தான் வேண்டாம்னேன். ஷில்பா கேக்கல்ல."

அந்தப் பேரை அவர் வாயிலிருந்து கேட்டதும் உலகம்மை அழுதாள். அவரும் அழுதார். போன் அணைந்துவிடாமல் இருக்க, அவள் விரலால் அவ்வப்போது திரையைத் தொட்டுக்கொண்டே அழுதாள். நாகர்கோவிலுக்குப் போய்ப் படங்களை எல்லாம் திருப்பி எடுத்து வருகிறேன் என்று அவர் சொன்னார். அவள் தலையாட்டினாள். ஆனால் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

"இந்த எடத்துக்கு வாடக எது வரைக்கும் கெட்டியிருக்கு?" என்று கேட்டாள்.

"மூணு வருஷத்துக்கு."

"அது கழிஞ்சா?"

"மறுபடி கெட்டுவேன். நான் இருக்கது வரைக்கும் கெட்டுவேன். நான் இல்லேன்னா நீ கெட்டு."

"நாம ரெண்டுபேரும் இல்லாத காலத்துல?"

வெள்ளத்துக்குக் கேட்டிருந்தார், தீக்குக் கேட்டிருந்தார், கள்ளனுக்கும் கேட்டிருந்தார். இதை ஷிஜாவிடம் கேட்க அவருக்குத் தோன்றவில்லை.