பின்னால் வந்த கார்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. பெங்களூரைச் சுற்றியுள்ள காட்டுப் பாதைகளில் சைக்கிள் ஓட்டுகிற ஒரு குழு இருக்கிறது. அதில் கிஷோர் என்பவர் என் கணவரின் சிநேகிதர். குழுவின் இணையதளத்துக்குத் தமிழில் ஒரு பக்கம் வேண்டும் என்று வந்து நின்றார்.

"அவலஹள்ளி காட்டுக்கு எப்பிடி வர்றதுன்னு எழுதிக் குடுங்கக்கா. சைக்கிள்ல வர்றவங்களுக்கு ஒரு பத்தி, கார்ல வர்றவங்களுக்கு ஒரு பத்தி. சும்மா வழி சொன்னாப் போதும். நீங்க தமிழ் டீச்சர், உங்களுக்கு இதெல்லாம் அல்வா."

உட்கார்ந்தேன். இப்படி வந்தது:

[ஹெப்பாளில் மேம்பாலத்தின் மேல் ஏறாமல் இடதுபுறம் ஒதுங்கிக் கீழே செல்லவும். எலஹங்கா தாண்டி தொட்டபள்ளாபுரம் சாலையில் திரும்பவும். அங்கிருந்து சாலை அகலமாக]

அதற்கு மேல் போகவில்லை. அந்த அகலமான சாலையில்தான் என் கணவர் செத்துப்போனார். மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர் காட்டில் பாறை தடுக்கி விழுந்தால் அதில் ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது. இவர் காட்டுக்குப் போகிற வழியில், தார் ரோட்டில், பின்னால் வந்த வண்டி தட்டிப் போனார். ['இறைவனடி சேர்ந்தார்' என்று எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். அவர் படித்தால் சிரிப்பார்.]

ஆகவே கிஷோர் கேட்ட பக்கம் இன்னும் எழுதப்படவில்லை. அதன் இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொண்டது.

2

'நான்' என்று எழுதினால் கை நின்றுவிடுகிறது. அதனால் அவளுக்கு ஜோவிதா என்று பெயர் வைக்கிறேன். கணவர் டேரில், பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். மகள் கேரல், கல்லூரியில் முதல் வருடம். வீடு காக்ஸ் டவுனில். பெயர்கள்தான் மாறியிருக்கின்றன. காரை ஓட்டியது நான்தான்.

டேரில் என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஒவ்வொரு தடவை திருத்தி எழுதும்போதும் அவர் இன்னும் கொஞ்சம் நல்லவராகிவிடுகிறார். செத்தவர்களிடம் இந்தத் தொல்லை உண்டு. எனவே சில உண்மைகள்: கடுமையாகக் குறட்டை விடுவார். ஞாயிற்றுக்கிழமையைக் காட்டுக்கென்று ஒதுக்கிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலப் பூசையிலேயே கடனைத் தீர்த்துக்கொள்வார். "என்ன டேரில், நாளைக்கு ஆண்டவருக்கு லீவா?" என்று பங்குச் சாமியார் கேட்பார். காரின் முதுகில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. அவர்களுக்கு 'பார்சல்' என்று பெயர் வைத்ததே அவர்தான். கார் வந்து நின்றால், "பார்சல் வந்துச்சி டோய், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கங்க" என்று கத்துவார். கிஷோர் ஆயுள்கால பார்சல்.

இனி அவர் போதும். இது அவர் கதையில்லை.

3

[பனி போர்த்திய பெங்களூரின் அதிகாலையில்]

வேண்டாம். அந்தப் பனியை எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

சனிக்கிழமை பூசை முடிந்து ஜோவிதா வீட்டுக்கு வந்தபோது, கூடத்தின் நடுவில் டேரிலின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கேரல் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போறதுக்கு?"

"அவலஹள்ளிக்கு. நாளைக்கு."

"கிஷோர் அங்கிள் கார்ல கூட்டினு போறேன்னு சொன்னாரே. அவர் கூடப் போ."

"பார்சலாவா? நான் போவமாட்டேன். போன வாட்டி அந்த மனுஷன் முன் சக்கரத்தக் கழட்டி வீட்டு கேட்டுல சாச்சி வெச்சிட்டு, மீதி சைக்கிள மட்டும் காட்டுக்குத் தூக்கினு வந்தாரு மம்மி. எல்லாரும் ஓட்டறாங்க, இவரு மரத்தடில உக்காந்து பிஸ்கட் துன்றாரு."

ஜோவிதாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரித்தால் பாதி சம்மதம் கொடுத்த மாதிரி.

"அப்போ எங்கூட வா. சீட்ட மடிச்சா சைக்கிள் உள்ள போயிடும்."

"டாடி ஒரு நாளாவது அப்பிடிப் போயிருக்காரா?"

"டாடி போன ரோடுடி அது."

காற்றடிக்கும் சத்தம் நின்றது. "தெரியும். காட்டுக்கு வேற ரோடு இருந்தா சொல்லு, அதுல போறேன்."

வேறு ரோடு இல்லை. ஜோவிதா அடுப்பங்கரைக்குப் போய், செய்வதற்கு எதுவும் இல்லாமல், குழாயைத் திறந்து மூடினாள். திரும்பி வந்தாள்.

"சரி. நீ ஓட்டு. நான் பின்னாலயே கார்ல வர்றேன்."

"பின்னாலயா?"

"பின்னாலயேதான். நம்ம வாசல்லருந்து காடு வரைக்கும்."

"ஊரே சிரிக்கும் மம்மி."

"சிரிச்சிட்டுப் போவட்டும்."

(ஓர் இடைக்குறிப்பு: உங்களுக்கு இந்த யோசனை சரியாகப் படுகிறதா? அவளுக்குப் பட்டது. அவரைத் தட்டியது பின்னால் வந்த வண்டி. மகளுக்குப் பின்னால் தானே இருந்துவிட்டால், அங்கே வேறெதுவும் வர முடியாது அல்லவா?)

4

விடிந்தும் விடியாமல் கிளம்பினார்கள். நான்கு மூலை விளக்குகளும் கண் சிமிட்ட, இரண்டாம் கியரில் கார் உறுமிக்கொண்டே ஊர்ந்தது. முன்னால் கேரலின் முதுகு. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்த முதுகை மட்டும் பார்த்தபடி ஓட்டினாள் ஜோவிதா. அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினாள். பாதியில் ஒரு பஸ் ஹாரன் அடிக்க, எங்கே விட்டோம் என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

ஹெப்பாளில் பக்கத்துச் சாலைகளெல்லாம் வந்து கலக்குமிடத்தில்* ஒரு ஆட்டோ இருவருக்கும் நடுவில் நுழைந்தது. சில விநாடிகள் முதுகு காணாமல் போயிற்று. ஆட்டோ விலகியபோது முதுகு அங்கேயே இருந்தது. ஜோவிதா பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.

பின்னால் ஒருவன் ஜன்னலை இறக்கி, "ஏனம்மா, கல்யாண மெரவணிகெயா?" என்று கன்னடத்தில் கேட்டான். கல்யாண ஊர்வலமா என்கிறான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

* கிஷோருக்கு: சைக்கிளில் வருபவர்களுக்கான பத்தியில் இந்த இடத்தைப் பற்றி 'கவனம்' என்று ஒரு சொல் போட்டால் போதுமா?

5

எலஹங்கா தாண்டி அந்த அகலமான சாலை வந்தது.

[இங்கே சாலையோரம் பூச்சட்டி விற்கிற ஒரு நர்சரி, மூடிய டீக்கடை, அதற்கடுத்து]

அதற்கடுத்து இருப்பதை எழுதப்போவதில்லை.

அகலமான சாலையில் எல்லோருக்கும் வேகம் வந்துவிடும். ஊர்கிற காரைப் பார்த்ததும் பின்னால் வருகிறவன் எரிச்சலோடு வலதுபக்கம் ஒடித்து, காரைத் தாண்டி, மறுபடி இடதுபக்கம் வந்து விழுவான். ஒரு கார் அப்படிப் போயிற்று. ஒரு வேன் போயிற்று. அப்புறம் முட்டைக்கோஸ் ஏற்றிய டெம்போ ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே அவளைச் சுற்றி வந்து இடதில் பாய்ந்தது. கேரலின் தோளுக்கும் டெம்போவின் பலகைக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடம்தான் இருந்தது. சைக்கிள் தாரிலிருந்து சரிந்து, மண்ணில் இறங்கி, ஆடி நின்றது.

ஜோவிதா காரை நடுவழியில் விட்டுவிட்டு ஓடினாள்.

"எவ்ளோ கிட்ட வந்துட்டான் பாத்தியா! கண்ணு தெரியலயா அந்தப் பாவிக்கு?"

"பாத்தேன்." கேரலின் உதடு வெளுத்திருந்தது. "ஏன் வந்தான்னு நீ பாத்தியா?"

"என்னா?"

"நீ தள்ளுவண்டி மாதிரி ஊந்துகினு வர்ற. பின்னால வர்றவன் உன்ன சுத்திக்கினு வந்து எங்க வுழறான்? உன் முன்னாடி. உன் முன்னாடி யாரு இருக்கா?"

ஜோவிதா திரும்பி, நடுவழியில் நின்ற தன் காரைப் பார்த்தாள். அந்தக் கார், அந்த வேன், இந்த டெம்போ. மூன்றையும் மகள் மேல் திருப்பிவிட்டது அவளுடைய கார்.

"போதும். சைக்கிள கார்ல போடு."

"மாட்டேன்."

"கேரல், சொன்னாக் கேளு. கெஞ்சிக் கேக்கறேன்."

"நீ முன்னாடி போ மம்மி. காட்டு கேட் கிட்ட போயி நில்லு. நான் வர்றேன்."

"உன்ன இங்க வுட்டுட்டா? இங்கயா?"

"எனக்கும் பயந்தான்." கேரல் கண்ணைத் துடைக்கவில்லை. கையுறையெல்லாம் மண். "ஆனா நீ பின்னால இருந்தா நான் உன்னையேதான் நெனச்சிகினு ஓட்டறேன். ரோட்ட யாரு பாக்கறது?"

6

இந்த இடத்தில் பல நாள் நின்றுவிட்டேன்.

ஒரு பிரதியில் கேரல் அழுது, சைக்கிளைக் காரில் ஏற்றி, இருவரும் வீடு திரும்பினார்கள். கேரல் அதைப் படித்துவிட்டு, "நான் எப்போ அவ்ளோ நல்ல பொண்ணா இருந்தேன்?" என்று கேட்டாள். கிழித்துவிட்டேன்.

இன்னொரு பிரதி உங்களுடையது. முதல் பகுதியிலிருந்தே நீங்கள் ஒரு லாரிக்காகக் காத்திருக்கிறீர்கள். குற்றம் சொல்லவில்லை. ஒரு சாவைச் சொல்லித் தொடங்கினால் இன்னொன்றை எதிர்பார்ப்பது படிக்கிறவர்களின் வழக்கம். என்னுடைய வழக்கமும் அதுதான். ஆனால் அதை நான் எழுதமாட்டேன்.

நடந்தது இது. ஜோவிதா காரில் ஏறி, மூலை விளக்குகளை அணைத்தாள். வலதுபக்க விளக்கைப் போட்டு, சொந்த மகளை ஓவர்டேக் செய்தாள். பக்கவாட்டில் ஒரு நொடி கேரலின் முகம் தெரிந்தது. பிறகு கண்ணாடியில் முழுப் பெண்ணும், பிறகு ஹெல்மெட் மட்டும், பிறகு சாலை.

காட்டு கேட்டருகே நீலகிரித் தைல மரங்களின் கீழே குழு கூடியிருந்தது. விக்கி என்ற பையன், காரின் பின்பக்கம் எட்டிப் பார்த்தான். "இன்னாக்கா, வெறும் டப்பா வந்துகிது? பார்சல் எங்க?"

அவள் தான் வந்த சாலையைப் பார்த்து நின்றாள். அவள் நின்ற விதத்தைப் பார்த்து விக்கியும் சாலைப் பக்கம் திரும்பி நின்றான். அப்புறம் ஒவ்வொருவராக எல்லோரும் திரும்பினார்கள்.

கேரல் வந்தாள். சைக்கிளிலிருந்து இறங்காமல், அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் குடித்தாள். "செம எதிர்காத்து மம்மி" என்றாள். காட்டுக்குள் போய்விட்டாள்.

7

"இங்கயே முடிச்சிடுங்கக்கா, சூப்பரா கீது" என்றார் கிஷோர். முடித்திருக்கலாம். ஆனால் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஞாயிறு வாரா வாரம் வருகிறது. இப்போது கேரலுக்குப் பின்னாலும் கார் இல்லை, முன்னாலும் இல்லை.

இன்றைக்கும் ஞாயிறுதான். அவள் கிளம்பிப் போன பிறகு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். சில நாள் காட்டில் சிக்னல் இருக்காது. சில நாள் மறந்துவிடுவாள். இன்று இன்னும் வரவில்லை. போனை வேண்டுமென்றே உள்ளறையில் வைத்திருக்கிறேன்.

[கேரல் இந்நேரம் எலஹங்கா தாண்டி]

உள்ளறையில் போன் அதிர்ந்த மாதிரி இருந்தது. அவளுடைய அழைப்பாக இருக்கலாம். முன்பின் தெரியாத எண்ணாகவும் இருக்கலாம். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. நீங்கள் போய்ப் பாருங்கள். என்னவாக இருந்தாலும் நேரே வந்து சொல்லிவிடுங்கள். போன தடவை எனக்குச் செய்தி சொல்ல வந்தவர்கள், வாசலில் செருப்பைக் கழற்றவே வெகுநேரம் எடுத்துக்கொண்டார்கள்.