பத்தொன்பது சிவப்புக் கொடிகள்

மார்ச் பதினேழு, புதன்கிழமை. காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு, நெடுஞ்சாலையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு பண்ணை வீட்டின் பின்புறத்தில், பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த பேக்ஹோவின் பல்லில் நிலத்தடி மின்கம்பி சிக்கி அறுந்தது. என்னவென்று பார்க்க இறங்கிய ஓட்டுநரின் வலது உள்ளங்கை கருகியது. கம்பி கிடந்த இடம், சிவப்புக் கொடிகள் நட்டிருந்த வரிசையிலிருந்து இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர் தள்ளி இருந்தது.

கொடிகளைச் சனிக்கிழமையன்று நட்டவள் வெள்ளிக்கிழமை காலை மேற்பார்வையாளரின் வண்டியில் அங்கே வந்து இறங்கினாள். இயந்திரம் ஓட்டுகிறவர்கள் அவளைக் குறிக்காரம்மா என்பார்கள். "எங்க கை வைக்கலாம்னு பார்த்து ஒரு குறி சொல்லுங்கம்மா" என்று கையை நீட்டிச் சிரிப்பார்கள். கை கருகியவரும் அப்படி நீட்டியவர்தான்.

தொழில் இதுதான். சாலையோர மீட்டர் வரைக்கும் மண்ணுக்குள் போகும் கம்பி மின்சார அலுவலகத்தின் பொறுப்பு. கேட்டால் அவர்களே வந்து குறித்துக் கொடுப்பார்கள். மீட்டரைத் தாண்டினால் நிலத்துக்காரர் பாடு. புதைத்தவருக்குத்தான் தெரியும், அவரும் மறந்திருப்பார். இந்த வீட்டில் பம்பு அறைக்குக் கம்பி புதைத்த மகன் இப்போது கப்பலில் இருந்தான். அப்படிப்பட்ட இடங்களுக்குத்தான் அவளுடைய கம்பெனியைக் கூப்பிடுவார்கள். கம்பியில் கருவியை மாட்டி ஒலியை ஏற்றி, இன்னொரு கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால், கம்பிக்கு நேர் மேலே வரும்போது அது கூவும். கூவிய இடத்தில் ஒரு கொடி.

மேற்பார்வையாளர் வண்டியை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கிலேயே கை வைத்திருந்தார்.

"உண்மையைச் சொல்லிரு. ரெண்டு முனையையும் பிடிச்சுட்டு நடுவுல நூல் பிடிச்சுட்டியா?"

இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த திருட்டு அது. மீட்டரடியில் ஒரு கொடி, பம்பு அறையடியில் ஒரு கொடி, இடையில் கண்ணால் கோடு போட்டு மிச்சத்தை நட்டுவிட்டு வீட்டுக்குப் போவது. பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். பதினோரு வருடத்தில் அவள் ஒருமுறைகூட அதைச் செய்ததில்லை.

"தெரியல சார்" என்றாள்.

"தெரியலைன்னா? நீதானே நட்டே?"

"நான்தான் நட்டேன். எப்படி நட்டேன்னு ஞாபகம் இல்ல."

அவர் பெருமூச்சு விட்டார். கெட்ட மனிதர் இல்லை. "இதையே விசாரணையில சொன்னா, உன் லைசென்ஸ் அட்டையை டிராயர்ல போட்டுப் பூட்டிருவாங்கம்மா. அப்புறம் நீ டீக்கடைக்குக்கூட குறி போட முடியாது."

அட்டை நேற்றே அவரிடம் போய்விட்டது. அது திரும்பி வருமா என்பதைக்கூட அவள் எட்ட நின்றுதான் நினைத்தாள். ஒரு மனிதனின் கையைக் கருக்கியது தான்தானா என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

நவம்பரில் அவளுடைய அக்கா இறந்தாள். இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அழுகை வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள், அவளும் காத்திருந்தாள். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்கும், ஆனால் நம்முடையதாக இருக்காது. அப்படி நாலு மாதம். வேலைக்குப் போனாள், சமைத்தாள், சம்பளம் வாங்கினாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகு, வந்த வழி ஒன்றும் நினைவில் இருக்காது.

சனிக்கிழமையைப் பற்றி நினைவிருந்தது ஒன்றே ஒன்று. முடித்ததும் வழக்கம்போல் போட்டோ எடுக்கப் போனை உயர்த்தினாள். இடமில்லை, எதையாவது அழிக்கவும் என்றது. உள்ளே இருந்ததெல்லாம் அக்காவின் வீடியோக்கள். போனைப் பையில் போட்டுக்கொண்டாள். காகிதத்தில் வரைபடம் போட்டிருந்தாள். அதில் மீட்டருக்கும் பம்பு அறைக்கும் நடுவே ஒரு நேர்கோடு. ஆனால் எல்லா வரைபடத்திலும் எல்லாரும் நேர்கோடுதான் போடுவார்கள். அது எதற்கும் சாட்சி ஆகாது.

பின்புறத்தில் அந்த வீட்டு மருமகள், கப்பலில் இருந்தவனின் மனைவி, அவர்களுக்காகக் காத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள். கருகிய கைக்கு முதலில் தண்ணீர் ஊற்றியவள் அவள்தான். சற்றுத் தள்ளி அவளுடைய மாமனார், ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர், மூட்டுவலிக்குக் கம்பு ஊன்றி நின்றார். அவருக்காகக் கீழேயே கட்டும் குளியலறையின் வடிகாலுக்குத்தான் பள்ளம்.

"வாங்க. உங்களைத் திட்டணும்னுதான் நின்னுட்டிருந்தேன். உங்க முகத்தைப் பார்த்தா அதுவும் வர மாட்டேங்குது" என்றாள் மருமகள்.

"திட்டுங்க" என்றாள் குறிக்காரம்மா.

"முதல்ல வேலையைப் பாருங்க."

மெயினை அணைத்தார்கள். அறுந்த கம்பியின் இரண்டு பக்கமும் ஒலி ஏற்றி அவள் மறுபடி நடந்தாள். கருவி முதல் பன்னிரண்டு மீட்டர் கொடிகளோடு போயிற்று. பிறகு இடப்புறம் இழுத்தது. வில் மாதிரி வளைந்து, நடுவில் இரண்டு மீட்டருக்கு மேல் ஒதுங்கி, பம்பு அறையருகே மறுபடி கொடிகளோடு வந்து சேர்ந்தது.

"இங்க ஒரு மரம் இருந்துச்சு. வேரை வெட்ட மனசில்லாம சுத்திக் கொண்டுபோயிருப்பார், உங்க புள்ள" என்று மருமகள் மாமனாரைப் பார்த்துச் சொன்னாள்.

மேற்பார்வையாளர் குறிக்காரம்மாவைப் பார்த்தார். "கருவி இவ்வளவு தெளிவா கூவுது. சனிக்கிழமை மட்டும் வாயை மூடிட்டு இருந்துச்சா?"

அவள் கொடிகளைப் பார்த்தாள். பத்தொன்பது. நேராக இருந்தன. கருவியோடு நடக்கிறவள் நட்டால் இந்த நேர்த்தி வராது. கருவி கூவுவது அரை அடி முன்னே பின்னே இருக்கும். நூல் பிடித்தால்தான் இப்படி வரும். அப்படியென்றால் நூல் பிடித்திருக்கிறேன் என்று நினைத்தாள்.

குனிந்து ஒரு கொடியைத் தொட்டாள். அதன் காலடியில் புல் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. கம்பிக் காம்பைச் சுற்றி ஒரு விரல் உயரப் புல்கூட மிச்சமில்லை. அடுத்ததிலும் அப்படியே.

"புல்லு எப்ப வெட்டினது?"

"திங்கக்கிழமை. மாமாதான். மிஷினைத் தொடாதீங்கன்னு சொன்னா கேட்டாத்தானே" என்றாள் மருமகள்.

"கொடியைத் தொடலை. சுத்தித்தான் வெட்டினேன். நேத்து வந்தப்பவே இவர்கிட்ட சொல்லிட்டேன்" என்று மேற்பார்வையாளரைக் காட்டினார் டிரில் மாஸ்டர். குரல் மைதானத்துக்குப் பழகிய குரல். தேவைக்கு மேல் சத்தமாக வந்தது.

சுற்றி வெட்டினால் காம்போடு ஒட்டிய புல் நிற்கும். அவள் அதைச் சொல்லவில்லை. கருவி காட்டிய வளைவின் நடுவில் போய் மண்டியிட்டு, விரல்களால் புல்லை வகிர்ந்து பார்த்தாள். அந்த வாரம் மழை இல்லை. மண் இறுகியிருந்தது. கால் மணி நேரம் ஒன்றும் கிடைக்கவில்லை. மேற்பார்வையாளர் இரண்டு முறை கடிகாரம் பார்த்தார்.

பிறகு ஒன்று கிடைத்தது. பென்சில் முனை போகிற அளவு ஓட்டை. வண்டியிலிருந்து ஒரு புதுக் கொடியை எடுத்து வந்து அதில் விட்டாள். அழுத்தாமலே இறங்கி நின்றது. மூன்று மீட்டர் தள்ளி இன்னொன்று. அதற்கப்புறம் எங்கே தேட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு இடத்தில் இயந்திரத்தின் சக்கரம் ஏறியிருந்தது, அங்கே ஒன்றுமில்லை. மற்றபடி வளைவு முழுக்க ஓட்டைகள் இருந்தன. பதினொரு கொடிகள் நட்ட பிறகு எழுந்தாள். நேர்வரிசைக்குப் பக்கத்தில் கோணல்மாணலாக இன்னொரு வரிசை நின்றது.

டிரில் மாஸ்டர் கம்பை ஊன்றி இரண்டடி முன்னால் வந்தார்.

"கோணலா இருந்துச்சும்மா" என்றார். இப்போது குரல் சின்னதாகியிருந்தது. "புல்லு வெட்டப் பிடுங்கினேன். திரும்ப நடறப்போ ஓட்டைங்களைப் பார்த்தேன். ஆரம்பம் சரியா இருந்துச்சு, முடிவும் சரியா இருந்துச்சு. நடுவுல மட்டும் வரிசை உடைஞ்சிருந்துச்சு. ஏதோ அவசரத்துல நட்டிருப்பீங்கன்னு நினைச்சேன். நூல் கட்டி நேராக்கினேன்."

"மாமா!"

"உதவி பண்றதா நினைச்சேன்மா."

"நேத்து சார் வந்து கேட்டப்போ ஏன் சொல்லலை?"

"முப்பத்தஞ்சு வருஷம் புள்ளைங்களை வரிசையில நிக்க வெச்சிருக்கேன். ஒருத்தன் கையைப் பொசுக்கினேன்னு எப்படிச் சொல்றது?"

மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கிழவர் குறிக்காரம்மாவிடம் திரும்பினார்.

"காத்துல சாய்ஞ்சிருக்கும்னு எழுத முடியாதா? உங்களுக்கும் பாதகம் இல்ல, எனக்கும் இல்ல."

மேற்பார்வையாளர் வேலியைப் பார்த்தார்; அவருக்கு ஆட்சேபம் இருப்பதாகத் தெரியவில்லை.

ஞாபகமில்லாத அந்தச் சனிக்கிழமையில், கருவி கூவிய ஒவ்வொரு இடத்திலும் அவள் நின்றிருக்கிறாள், குனிந்திருக்கிறாள். அவளுடைய கை வேலையை மறக்கவில்லை. இது தெரிந்தால் ஏதாவது அசையும் என்று எதிர்பார்த்திருந்தாள். அசையவில்லை. கிழவர் மேல் கோபமும் வரவில்லை. அவரை எப்போதோ யாரோ சொல்லிக் கேள்விப்பட்டவர் போல் பார்த்தாள்.

"காத்து இரும்புக் காம்பைப் பிடுங்கி நூல் பிடிச்சு நடாதுங்கய்யா."

"எழுதத்தான் போறீங்களா?"

"நடந்ததை எழுதுவேன். கை கருகினவர் கேட்பார் இல்லையா, ஏன் இப்படி ஆச்சுன்னு. கொடிக்கு ரெண்டு மீட்டர் தள்ளித்தான் தோண்டியிருக்கார். அவர் மேல தப்பில்லன்னு காகிதத்துல இருக்கணும்."

"எழுதுங்க. நானும் கையெழுத்துப் போடறேன்" என்றாள் மருமகள், திரும்பாமலே.

சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினாள். மூன்று பக்கம். தன் பங்காக, போட்டோ எடுக்கவில்லை என்பதையும், கொடிகளைப் பிடுங்கக் கூடாது என்று வீட்டாரிடம் சொன்னதாக நினைவில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டாள். அந்த வரியைப் படித்த மேற்பார்வையாளர், "இது எதுக்கு? தானா போய்த் தலையைக் கொடுக்கறியா?" என்றார். அவள் அதை அடித்து நீக்கவில்லை. டிரில் மாஸ்டர் கடைசிப் பக்கத்தில் முழுப் பெயரையும் எழுதி, கீழே கோடு போட்டார்.

பேக்ஹோ ஓட்டியவருக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தைத்தார்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கவில்லை. விசாரணை பதினேழு நாளில் முடிந்தது. புகைப்படம் இல்லாததற்கு அவளுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்தார்கள். அட்டையை ஏப்ரல் ஆறாம் தேதி திருப்பிக் கொடுத்தார்கள். ஏழாம் தேதி காலை எட்டு மணிக்கு அவள் வேறொரு பண்ணையில் கொடி நட்டாள்.