காட்டுக்கு ஒரு கத்தி

என் கணவர் ரகசியம் பேசினால் எதிர்வீட்டுக்காரர் பதில் சொல்வார். அச்சகத்தில் வேலை. நாள் முழுக்க இயந்திர இரைச்சலுக்கு மேலே எழும்பிப் பழகிய தொண்டை, வீட்டுக்கு வந்த பிறகும் இறங்கமாட்டேன் என்கிறது. அச்சகத்தில் அவருக்கு ஸ்பீக்கர் என்று பட்டப்பெயர். எனக்கோ நூலகத்தில் வேலை. எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தவர் யாராக இருந்தாலும் நல்ல குறும்புக்காரர்.

போதாக்குறைக்கு எங்கள் மகள், காட்டில் பறவைகளின் குரலைப் பதிவு செய்யும் வேலைக்குப் போவேன் என்றாள். விண்ணப்பத்தோடு அனுப்புவதற்காக, வீட்டுப் பின்பக்கம் மைக்கை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். குருவி வாயைத் திறந்த அதே நேரம் உள்ளேயிருந்து, "என் சாவியை யாரு எடுத்தது?" என்று ஒரு முழக்கம். குருவி அடுத்த தெருவுக்கே குடிபோய்விட்டது. அவள் கோபித்துக்கொள்ள, இவர் பதிலுக்கு, "குருவி கத்துறதைக் கேக்குறதெல்லாம் ஒரு வேலையா?" என்றார். "நீங்க கத்துறதைக் கேக்குறதுக்கு அது எவ்வளவோ தேவலை" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போனவள், அப்பாவோடு தொலைபேசியில் பேசுவது "சாப்பிட்டீங்களா", "சாப்பிட்டேன்" என்பதோடு சரி. இவரும் வீம்புக்காரர். ஆனால் அவளுடைய அழைப்பு வரும் நேரத்தில் மட்டும் என் கைப்பேசிக்குப் பக்கத்திலேயே ஏதோ வேலை இருப்பதுபோல் சுற்றிக்கொண்டிருப்பார்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் காட்டு விளிம்பிலிருந்து கூப்பிட்டாள். நான் ஸ்பீக்கரில் போட்டேன். இன்னொரு ஸ்பீக்கர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, அடுத்த மாசம் ரெண்டு பேரும் இங்க வாங்க. கூடாரம் இருக்கு, ஒரு ராத்திரி தங்கலாம். அப்பாகிட்ட ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடு. காட்டுல கத்தி…"

அதோடு இணைப்பு அறுந்துவிட்டது.

"கேட்டியா!" என்று எழுந்து நின்றார். "கத்தி! காட்டுக்குக் கத்திதான் முக்கியம். அதைப் போய் உன்கிட்ட கேக்கல, என்கிட்ட கேக்குறா பாரு!"

மறுநாள் அவள் நூலகத்துக்கே கூப்பிட்டாள். "சொல்லிட்டியாம்மா? காட்டுல கத்திப் பேசக் கூடாதுன்னு? காலையில மைக் ஓடிட்டிருக்கும். அன்னிக்கு மாதிரி இதுவும் கெட்டுப்போச்சுன்னா, சத்தியமா சொல்றேன், அவரைத் திரும்பக் கூப்பிட எனக்கு மனசே வராது."

"பக்குவமா சொல்றேன்" என்றேன். பக்குவமாகச் சொல்லலாம் என்று வீட்டுக்கு வந்தால், மனிதர் என் சமையலறைக் கத்தியை வெளிச்சத்தில் பிடித்து விசாரணை நடத்திக்கொண்டிருந்தார்.

"இதைப் பாரு. பிடிக்குள்ள இரும்பு பாதி வரைக்கும்தான் போகுது. இதை வெச்சு விறகு பிளந்தா பிடி வேற, கத்தி வேறன்னு போயிடும். நல்ல கத்தின்னா இரும்பு பிடியோட கடைசி வரைக்கும் ஓடணும்."

"இத்தனை வருஷமா வெங்காயம் எதுவும் புகார் சொல்லலையே" என்றேன்.

எப்படிச் சொல்வது? மகள் தன்னை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் அந்த முகம் பளபளத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். நாளைக்கும் அதே கதைதான்.

வீட்டில் அறுவை தொடங்கிவிட்டது. காலைத் தேநீரோடு மடக்குக் கத்தியா, மடங்காத கத்தியா? மடக்குக் கத்தி பைக்குள் அடங்கும், ஆனால் கட்டையில் வைத்துத் தட்டினால் மடங்கும் இடம் ஆட்டம் கண்டுவிடும். சாயங்காலத் தேநீரோடு துருப்பிடிக்காத எஃகா, கரிம எஃகா? கரிம எஃகு சுலபமாகத் தீட்ட வரும், ஆனால் ஈரத்தோடு உறைக்குள் போட்டால் துருவேறும். படுக்கப் போகும்போது முதுகு. என் முதுகு இல்லை, கத்தியின் முதுகு. அது உருண்டையாக இல்லாமல் சதுர விளிம்போடு இருந்தால்தான் நெருப்பு மூட்டும் தீப்பொறிக் குச்சியை உரச முடியுமாம்.

"காட்டுக்குப் போய்தான் அறுக்கணும். இங்கேயே ஏன் அறுக்குறீங்க?" என்றேன்.

"உனக்கு இதெல்லாம் புரியாது" என்றார் பெருந்தன்மையோடு.

கிளம்பும் வாரம் வந்தது. இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. கடையில் கத்தியை வாங்கிக் கொடுத்துவிட்டு, திரும்பும் வழியில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து கூடவே போனேன். கூடாரம், கயிறு, விளக்கு எல்லாம் விற்கும் சிறிய கடை. கல்லாவுக்குப் பின்னால் ஒரு பெண். அவளுக்குப் பக்கத்தில் ஒரு கூடையில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

இவர் நேராகப் போய் இருப்பதிலேயே பெரிய கத்தியை எடுத்தார். முழங்கை நீளம் இருக்கும், முதுகில் ரம்பப் பல் வேறு. அதைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்தால் ஒரு நாட்டையே பிடிக்கப் போகிறவர் மாதிரி இருந்தது.

"எம்பொண்ணு கேட்டிருக்கா! காட்டுல இருக்கா! இதுல இரும்பு கடைசி வரைக்கும் போகுதா?"

குழந்தை சிணுங்கியது. அந்தப் பெண் கூடையை ஆட்டிக்கொண்டே சிரித்தாள். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் கத்தாமப் பேசுங்க. இப்பதான் தூங்கினான்."

இவர் வாயைத் திறந்தார், மூடினார். கையிலிருந்த கத்தியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை மெல்லக் கீழே வைத்துவிட்டு, "சின்னதா ஏதாவது இருக்காம்மா? கட்டை சீவுற மாதிரி" என்றார். எனக்கே சரியாகக் காதில் விழவில்லை.

அவள் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். உள்ளங்கை நீள அலகு, மடங்காதது, மரப்பிடி, சாதாரண உறை. பிடித்துப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. அத்தனை நாள் ஆராய்ச்சி செய்த மனிதர், கத்தரிக்காய் வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

வழியெல்லாம் பேச்சே இல்லை. பேருந்தில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் எதுவும் இல்லை. ஆசைப்பட்ட பெரிய கத்தியைக் குழந்தைக்குப் பயந்து விட்டுவிட்ட வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். இந்த நிலையில் மகள் சொன்னதையும் சொல்லி ஏன் நோகடிக்க வேண்டும் என்று அன்றைக்கும் வாயை மூடிக்கொண்டேன்.

ஆகவே சொல்லாமலேயே காட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். மகள் கூடார வாசலில் நின்றிருந்தாள். இவர் பையிலிருந்து கத்தியை எடுத்து நீட்டினார்.

"எதுக்குப்பா கத்தி?"

"நீ கேட்டியேம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் மரத்தைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆமாம்பா. நான்தான் கேட்டேன்" என்றாள். நல்ல வேளை, அந்த அளவுக்காவது என் பிள்ளை.

விடியற்காலையில் மைக்கைக் கிளையில் கட்டி ஓடவிட்டு, அவள் அசையாமல் உட்கார்ந்தாள். நான் இவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். வாயைத் திறந்தால் பொத்துவதற்கு முந்தானை தயாராக இருந்தது. இவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விழுந்து கிடந்த காய்ந்த கிளை ஒன்றை மடியில் வைத்து, புதுக் கத்தியால் சீவத் தொடங்கினார். சீவல் ஒவ்வொன்றும் முழுதாக விழாமல் கிளையிலேயே சுருண்டு நின்றது. நெருப்பு மூட்ட அப்படித்தான் சீவ வேண்டுமாம். ஒன்று அறுந்து விழுந்தால் "ச்" என்று சொல்ல வந்து, அதையும் விழுங்கிக்கொண்டார். நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில் பிடித்திருந்தார். எங்கோ ஒரு பறவை கத்தியது. இன்னொன்று பதில் சொன்னது. வெயில் ஏறும் வரை அந்த மனிதரிடமிருந்து ஒரு சத்தம் இல்லை. இத்தனை வருடக் குடித்தனத்தில் நான் பார்க்காத ஆள் அவர்.

மகள் எழுந்து மைக்கை நிறுத்தினாள். முகமெல்லாம் சிரிப்பு. "அப்பா, முடிஞ்சது. அருமையா வந்திருக்கு. இப்ப நீங்க பேசலாம்."

அவர் கத்தியைத் துடைத்து உறையில் போட்டார்.

"அன்னிக்கு ஃபோன்ல நீ கேட்டது இந்தக் கத்தி இல்லைன்னு தெரியும்மா" என்றார். அப்போதும் குரல் எழும்பவில்லை. "கடையில அந்தப் பொண்ணு சொன்னப்பதான் உறைச்சுது. உன் வாயில கத்தின்னு வந்தா அது நானாத்தானே இருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. பக்குவமாகச் சொல்கிறேன் பேர்வழி என்று நான் மென்று விழுங்கிக்கொண்டிருக்க, இவர் கடையிலிருந்தே தனியாக அதைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார்.

மகள் அவர் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "அப்புறம் எதுக்குப்பா இதை வாங்கினீங்க?"

"சும்மா உக்காந்து வாயை மூடிக்கிட்டு இருக்க எனக்குத் தெரியாதும்மா. கைக்கு ஒரு வேலை இருந்தா இருந்துடுவேன்னு தோணிச்சு."

அவள் எழுந்து போய், மறுநாள் காலைக்கு என்று இன்னொரு காய்ந்த கிளையைத் தேடி எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள்.

"நாளைக்கும் இருங்கப்பா" என்றாள்.