கட்டிங் மாஸ்டர் வெட்டின கோழி

"எட்டு ஜோடி, பதினாறு துண்டு. ஒண்ணு ஜாஸ்தி—"

"நான் கேக்கறது கோழி எப்ப அடுப்புல ஏறும்னு. நீங்க ஷூ கணக்கு—"

"—இல்ல, ஒண்ணு கம்மி இல்ல. சொல்றத முழுசா கேளு தேவகி."

"இன்னாத்த கேக்கறது? அண்ணன் நாட்றம்பள்ளில பஸ் ஏறியாச்சு. பதினோரு மணிக்கு வாசல்ல நிப்பாரு. நீங்க அரை மணியா அந்தக் கோழிய இப்படித் திருப்பறீங்க, அப்படித் திருப்பறீங்க—"

"திருப்பிப் பாக்காம வெட்டினா வேஸ்டேஜ் வரும்."

"கோழில இன்னாய்யா வேஸ்டேஜ்!"

புகழேந்தி மஞ்சள் தூளை விரலில் தொட்டு, உரித்த கோழியின் முதுகில் நேராக ஒரு கோடு இழுத்தான். ஆம்பூரில் இருபத்திரண்டு வருஷம் ஷூ கம்பெனியில் தோல் வெட்டினவன். தோலை மேசையில் விரித்தால் கீறல், ஓட்டை, உண்ணி கடித்த தழும்பு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, மற்றவன் ஆறு ஜோடி எடுக்கிற இடத்தில் ஏழு ஜோடி எடுப்பான். கட்டிங் மாஸ்டர் என்றால் அந்தத் தெருவில் அவன்தான்.

தேவகி வேறொரு கம்பெனியில் தையல் பிரிவு. ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே கம்பெனி. வெட்டுகிறவன் மடிப்புக்கு என்று ஓரத்தில் கொஞ்சம் தோல் விடாவிட்டால் தைக்கிறவள் பாடு திண்டாட்டம். இவன் விடவே மாட்டான். கையில் துண்டோடு கட்டிங் ரூம் வரைக்கும் போய்ச் சண்டை போட்டவள் தேவகி. அந்தச் சண்டை இன்னும் முடிந்தபாடில்லை. நடுவில் கல்யாணம் ஆனது, சங்கீதா பிறந்தாள், இப்போது அவள் காலேஜ் இரண்டாவது வருஷம்.

"ப்பா, கோழிக்கு லெஃப்ட் ரைட்டு இருக்கா?" என்றாள் சங்கீதா, வெங்காயம் உரித்துக்கொண்டே.

"இருக்குடா கண்ணு. ரெண்டு காலு, ரெண்டு ரெக்க. ஆண்டவனே ஜோடியாத்தான் வெட்டி அனுப்பியிருக்கான். நான் மிச்சத்த ஜோடி சேக்கறேன்."

"கடையிலயே வெட்டிட்டு வந்திருக்கலாம்ல?" என்றாள் தேவகி.

"நவீத் பாய் கண்ண மூடிட்டுக் கொத்துவாரு. வெட்டாம முழுசா குடு பாய்னு கேட்டேன். ஏன் மாஸ்டர், வளக்கப் போறியான்னாரு."

சங்கீதா சிரித்தாள். தேவகிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆடி முடியும்போது புகழேந்தியின் கம்பெனியில், "அமெரிக்கா ஆர்டர் நின்னுபோச்சு, கூப்பிடறப்போ வாங்க" என்று சொல்லி அனுப்பியவர்கள் இன்னும் கூப்பிடவில்லை. இரண்டு மாசமாக தேவகி சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அது அவளுக்குப் பெரிய கவலையாக இல்லை. அண்ணன் அருணகிரிக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்பதுதான் கவலை. நாட்றம்பள்ளியில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறவர். கல்யாணத்தன்றே, "தோல நம்பாதீங்க மாப்ள, நம்ம மண்டிக்கு வந்துருங்க" என்று சொன்னவர். ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்கிறவர். வேலை இல்லை என்று தெரிந்தால் சொல்லிக்கொண்டு நிற்க மாட்டார். துணிமணியைப் பையில் போட்டுக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார். அங்கே தேங்காய் அடுக்கிக்கொண்டு, மண்டியிலேயே படுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை முகம் காட்டுகிற புருஷனாகிவிடுவான் இவன்.

சாப்பாட்டில் கை கொஞ்சம் இறுகினாலும் அண்ணனுக்கு மூக்கில் வேர்த்துவிடும். இன்றைக்குப் பார்த்துப் புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு. ஒரு மாசம் வாயைக் கட்டிய ஊர் முழுக்கக் கறிக்கடை வாசலில் நிற்கிறது. விலை மச்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒரு கோழிக்கு மேல் வழியில்லை.

"எட்டு ஜோடி யார் யாருக்கு?" என்றாள்.

"அங்கருந்து நாலு பேரு. இங்க மூணு. தேக்சா குடுத்த பக்கத்து வீட்டு நசீமுன்னிசா அக்காவுக்கு ஒரு கிண்ணம். பாத்திரம் வெறுமனே திரும்பிப் போகக் கூடாது."

"மடிப்புக்கு?"

"இன்னா மடிப்பு?"

"அண்ணன் ரெண்டாவது வாட்டி போட்டுக்கிட்டா?"

"உங்கண்ணன் எப்பவும் போதும் போதும்னு தான சொல்லுவாரு."

"சொல்லுவாரு. வாலாஜாபேட்டைல அண்ணியோட சித்தி அத நம்பிக் கரண்டிய வெச்சிட்டாங்க. எட்டு வருஷமா ஊர் ஊரா சொல்லிட்டுத் திரியறாரு, அந்த வீட்ல எனக்கு அரை வயித்துக்குத்தான் போட்டாங்கன்னு."

புகழேந்தி கத்தியைத் துடைத்தான். "மடிப்புல்லாம் விட்டாச்சு. நீ போய் பொடவ மாத்து."

"எங்க விட்டீங்க? பதினாறுக்கு மேல துண்டே இல்லையே."

"போம்மா."

"பின்னாடி அடுப்புல இன்னாத்த மூடி வெச்சிருக்கீங்க?"

"அது ஒண்ணுமில்ல."

அதற்கப்புறம் அவன் வேலையில் இறங்கினான். நவீத் பாய் சும்மா கொடுத்த கோழிக் கழுத்துகளையும் கால்களையும் வேக வைத்து, அந்தச் சாறில் ரேஷன் அரிசியில் குஸ்கா. பட்டை, கிராம்பு, புதினா போட்டுத் தம்மில் வைத்ததும் அது ரேஷன் அரிசி என்று அரிசிக்கே மறந்துவிட்டது. குழம்புக்குத் தேங்காய்க்குப் பதில் வறுத்த வேர்க்கடலையை அரைத்து ஊற்றினான். கெட்டியாக, எண்ணெய் மிதந்துகொண்டு நின்றது. முக்கால் கிலோ உருளைக்கிழங்கைக் கோழித் துண்டு மாதிரியே கோணல் மாணலாக வெட்டிப் போட்டான். கத்திரிக்காய்ப் பச்சடி ஒரு சட்டி.

"ஷூவுக்கு முன்பக்கம்தான் முக்கியம்," என்று சங்கீதாவுக்குப் பாடம் வேறு. "பாக்கறவன் கண்ணு அங்கதான் விழும். நல்ல தோல் அங்க. சுமாரான தோல் உள்பக்கம். தட்டும் அப்படித்தான். காலு முன்னாடி, கெழங்கு பின்னாடி."

"மாமா பின்னாடி பாத்துட்டா?"

"சாப்பிடறவன் எவனும் தட்ட திருப்பிப் பாக்க மாட்டான்."

பதினோரு மணிக்கு அருணகிரி வந்தார். தோளில் ஒரு சாக்குத் தேங்காய். பின்னால் கமலம் அண்ணி. அதற்கும் பின்னால் அவர்கள் பையன்கள் சூரியபிரகாஷும் நவீன்குமாரும். இரண்டு பேரும் நிலைப்படியில் குனிந்து உள்ளே வந்ததைப் பார்த்ததும் தேவகியின் கண் தேக்சாவுக்குப் போனது. போன பொங்கலுக்குப் பார்த்ததைவிட ஆளுக்கு அரை அடி வளர்ந்திருந்தார்கள்.

"மாப்ள! வேலைல்லாம் எப்படி? பேப்பர்ல இன்னான்னாவோ போடறானே?"

"போய்ட்டிருக்கு மச்சான்," என்றான் புகழேந்தி. எது போய்க்கொண்டிருக்கிறது என்று அவன் சொல்லவில்லை.

நான்கு பேரும் பாயில் உட்கார்ந்தார்கள்.

"நீங்களும் உக்காருங்க மாப்ள."

"நான் போடறேன் மச்சான். ஞாயித்துக்கெழம ஒரு நாள்தான நமக்கும் கெடைக்குது."

தேவகி அவனைப் பார்த்தாள். பரவாயில்லை, நன்றாகத்தான் பொய் சொல்கிறான்.

"இன்னா, பிரியாணியா?"

"குஸ்கா. கறி தனியா. பிரியாணில கறிய தேடணும். இதுல அந்தப் பேஜார் இல்ல."

சாப்பிட்டார்கள். சூரியபிரகாஷ் தட்டில் குஸ்கா வைத்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அருணகிரி முதல் ஜோடியை முடித்து எலும்பை ஓரமாக வைத்தார். புகழேந்தி கரண்டியோடு குனிந்தான்.

"போதும் மாப்ள," தட்டின் மேல் கை வைத்தார்.

"ரெண்டே ரெண்டு துண்டு மச்சான்."

"ஐயோ, போதும்ங்கறேன்." விரல்கள் கொஞ்சம் விலகின.

"எனக்காக."

"போதும்னா கேக்க மாட்டீங்களே." கை தானாக எழுந்து தொடைக்குப் போனது.

தேவகி மனசுக்குள் எண்ணினாள். அது புகழேந்தியின் ஜோடி. அடுத்து நவீன்குமார், "போதும் மாமா" என்று அப்பா மாதிரியே கை வைத்தான். சங்கீதாவின் ஜோடி போனது. சூரியபிரகாஷ் அந்தச் சிரமமெல்லாம் படவில்லை. தட்டையே நீட்டினான். அது தேவகியின் ஜோடி.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மடிப்பு எங்கே விட்டிருக்கிறான் இந்த மனுஷன்! தங்கள் மூன்று பேர் தட்டையும் முழுசாக மடித்து உள்ளே வைத்திருக்கிறான். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மடிப்புக்கு விட்டிருக்கிறான். அதுவும் சொல்லாமல்.

"துண்டு ஒவ்வொண்ணும் அளவெடுத்த மாதிரி இருக்கே," அருணகிரி ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். "எந்தக் கடைல வெட்டினது?"

புகழேந்தியின் நெஞ்சு ஒரு சுற்று பெரிதானது. வாய் திறந்தது. அளந்து வெட்டினது இவன் என்று தெரிந்தால் கை இறுகினதும் தெரிந்துவிடுமே. தேவகி கண்ணாலேயே ஒரு அறை விட்டாள்.

"நவீத் பாய் கடை மச்சான்," என்றான்.

"கெட்டிக்காரன்யா அந்த பாய்."

"ஆமா," என்றான் புகழேந்தி. பாவமாக இருந்தது பார்க்க.

கமலம் தட்டு காலியாக இருந்தது. அவள் கை எதுவும் வைக்கவில்லை, எதுவும் கேட்கவும் இல்லை. அதுதான் இன்னும் சங்கடம். புகழேந்தி உள்ளே போனான். தேவகியும் பின்னாலேயே போனாள். தேக்சாவில் உருளைக்கிழங்கு மட்டும் மிதந்தது. மேடையில் நசீமுன்னிசாவின் கிண்ணம். அதில் கடைசி ஜோடி.

"அது மட்டும் வேணாங்க. பாத்திரம் குடுத்தவங்க."

"அப்ப அண்ணிக்கு?"

பின்கதவில் நிழல் விழுந்தது. தேக்சாவை வாங்கிப் போக வந்த நசீமுன்னிசா, கிண்ணத்துக்கு மேல் கரண்டியோடு நின்ற இரண்டு பேரையும் பார்த்தாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பையன்களின் முதுகையும் பார்த்தாள்.

"எடு எடு," என்றாள் மெதுவாக. "எனக்குக் கொழம்பு போதும் தம்பி. எங்க வீட்லயும் இன்னிக்கு இதே கததான்."

கடைசி ஜோடி கமலத்துக்குப் போனது. தேவகிக்கு மூச்சு வந்தது. விருந்து முடிந்தது, மானம் பிழைத்தது, இனி மோர் ஊற்றி அனுப்பிவிடலாம். மோர்ச் சொம்பை எடுத்தாள்.

அருணகிரி மூக்கை உறிஞ்சினார். "தேவகி, இன்னாம்மா அது, கொள்ளு வாசன வருது?"

"கொள்ளா? இல்லண்ணா."

"வருதுன்றேன். பின்னாடி அடுப்புல."

"மாமா, அது எங்களுக்கு," என்று சங்கீதா முந்திரிக்கொட்டையாக முந்தினாள். "களியும் கொள்ளு கடைசலும். அப்பா காலைலயே—"

தேவகி சொம்பை ணங்கென்று வைத்தாள்.

"களியா!" அருணகிரி பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கொண்டா. களி சாப்பிட்டு எத்தினி வருஷம் ஆச்சு! எங்க வீட்ல கடை மாவு இட்லிதான் வருஷம் முன்னூத்தி அறுவத்தஞ்சு நாளும்."

"நீங்க கெளறுங்களேன், யாரு வேணாம்னாங்க?" என்றாள் கமலம், முதல் தடவையாக வாய் திறந்து. "தண்ணி வேணும்னா சொம்பு இவரு பக்கத்துலயே இருக்கும் தேவகி. இவரு போன்ல பேசறவன் கிட்ட இரு இருன்னுட்டு, அடுப்படில இருக்கற என்னைக் கூப்பிடுவாரு, எடுத்துக் குடுன்னு."

மூன்று உருண்டை இருந்தது. தேவகி மூன்றையும் நடுவில் குழித்து, கடைசலை ஊற்றி அண்ணன் முன்னால் வைத்தாள். அருணகிரி ஒரு வாய் எடுத்தார். கண்ணை மூடினார். கோழிக்குக் கூட மூடாத கண்.

"ஒரு கட்டி இல்லியே! வெண்ண மாதிரி இருக்கே! வேலைக்கும் போய்ட்டு வந்து இந்தப் பக்குவத்துல எப்படிம்மா கெளர்ற?"

"அது... கை பழக்கம்ணா," என்றாள் தேவகி.

கோழிக்குப் பெயர் நவீத் பாய்க்குப் போயாயிற்று. களிக்கும் போனால் புகழேந்தி தாங்குவானா?

"இவளா? இவ கெளறினா கட்டி கட்டியா இருக்கும் மச்சான், கோலி ஆடலாம். நான்தான் கெளர்றேன். மாவு கொட்டினதும் கெளறக் கூடாது, நடுவுல துடுப்ப நட்டு அப்படியே விட்டுரணும். அஞ்சரைக்கு ஒல வெச்சா, இவ ஆறரைக்கு வீட்டுக்குள்ள நுழையறப்போ ஆவி பறக்கும். தெனமும்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது.

அருணகிரி மெல்லுவதை நிறுத்தினார். "தெனமும் அஞ்சரைக்கா?"

சங்கீதா கிழங்கு மட்டும் மிதந்த தேக்சாவுக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள்.

"உங்க கம்பெனி ஆறு மணிக்குத்தான விடும் மாப்ள?"

"விடும்," என்றான் புகழேந்தி. கரண்டி நுனியிலிருந்து ஒரு சொட்டுக் கடைசல் பாயில் விழுந்தது.

"எத்தினி நாளா?"

"ரெண்டு மாசம் மச்சான்."

அருணகிரி கடைசி உருண்டையையும் முடித்தார். நிதானமாகத் தட்டிலேயே கை கழுவினார். "தோல நம்பாதீங்கன்னு அன்னிக்கே சொன்னேன். எங்கிட்ட மறைக்கறதா? இன்னிக்கே கெளம்புங்க. சங்கீதா, அப்பா துணிய எடுத்து வைம்மா. மண்டில ஆள் இல்லாம நானும் தவிக்கறேன். இன்னா தேவகி, பேசாம நிக்கற? அனுப்பி வை."

ரோஷம் பொத்துக்கொண்டு வரும், இரண்டு பேரும் அடித்துக்கொள்வார்கள் என்று தேவகி பயந்திருந்தாள். ரோஷம் வரவில்லை. புகழேந்தி கரண்டியைப் பிடித்துக்கொண்டு அவளைத்தான் பார்த்தான். நீ சொன்னால் போகிறேன் என்கிற பார்வை. பசி வேறு அவன் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிடவில்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இனி சாப்பிடவும் அந்த வீட்டில் உருளைக்கிழங்கைத் தவிர ஒன்றும் இல்லை.

தேவகி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். அண்ணனைப் பார்க்கவில்லை. நேராகக் கமலத்துக்கு எதிரில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லுங்க அண்ணி. நாளெல்லாம் மெஷின்ல உக்காந்துட்டு இடுப்பு விட்டுப்போய் வீட்டுக்குள்ள நுழையறப்போ, சுடச்சுடக் களி கெளறி, கொள்ளு கடைஞ்சி, தட்டும் போட்டு வெச்சிருக்கற புருஷன நீங்களா இருந்தா மண்டிக்கு அனுப்புவீங்களா?"