டிரம்மில் அடைத்த துளை

அக்கா தன் வீட்டை விட்டு எங்களிடம் வந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அவள் கணவரை நான் மாமா என்பேன். தாவரவியல் படித்ததால் அவருக்கு நான் விஞ்ஞானி.

"விஞ்ஞானி, கொஞ்சம் வந்துட்டுப் போ. செடியெல்லாம் கழுத்துல அழுகுது. அவ வர்றதுக்குள்ள சரி பண்ணணும்" என்றார் போனில்.

போனேன்.

பால்கனியில் பாதியாக அறுத்த நீல டிரம். மட்கிய பாசியும் மணலும் கலந்து, அதில் அக்கா பூச்சி தின்னும் செடிகளை வளர்த்தாள்: நடுவில் குடுவைச் செடிகள், ஓரத்தில் அழுகண்ணி. இப்போது மண்ணே தெரியவில்லை. விளிம்பு வரை தண்ணீர்.

"குழாய்த் தண்ணியா ஊத்தினீங்க? அந்த உப்பு இதுக்கு ஆகாதே."

"அந்தப் பாவத்தைப் பண்ணுவேனா? ஏ.சி.ல சொட்டுறதைப் பிடிச்சுப் பிடிச்சு ஊத்தினேன். மழை வேற."

டிரம்மின் பக்கத்தைத் தடவினேன். விளிம்புக்கு நான்கு விரல் கீழே அக்கா போட்ட துளை இருக்க வேண்டும். மிஞ்சிய தண்ணீர் அதன் வழியே போய்விடும், செடியின் கழுத்து நனையாது. அந்த இடத்தில் இறுகிய பசை விரலில் தட்டியது.

"அடைச்சுட்டீங்களா?"

"ஒழுகிச்சும்மா. பிளம்பர் வீட்டுலயே ஒழுகினா ஊர் சிரிக்காதா?"

"அக்காவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவா."

ஸ்க்ரூடிரைவரால் குத்தித் திறந்தேன். தண்ணீர் பழுப்பாக வடிந்தது. ஒரு செடியின் கிழங்கை நகத்தால் கீறினேன். உள்ளே வெள்ளை.

"பிழைச்சுக்கும்."

"அப்பாடா! இது போயிருந்தா உங்கக்கா இந்த வாசப்படியே மிதிக்க மாட்டா."

தண்ணீர் துளை மட்டத்தில் நின்றது. மட்டம் பார்க்க நடுவில் அடிவரை ஒரு குழாய் நட்டிருந்தது. அதற்குள் மெல்லிய ஹோஸை இறக்கி உறிஞ்சினேன். வரவில்லை. மாமா பிடுங்கி ஒரே இழுப்பில் வரவழைத்துத் துப்பினார்.

"இது என் டிபார்ட்மென்ட்."

ஒரு வாளி நிறைந்தது. இரண்டாவதை வைத்தேன். மாமா குழாய்க்குள் குச்சி விட்டு மட்டம் பார்த்தார்.

"போதும், போதும். அடி காயக்கூடாதுன்னு தலைபாடா அடிச்சுப்பாளே."

"கொஞ்ச நேரம்தான். ஒண்ணும் ஆகாது."

"எதுக்கு இப்ப?"

"கனமா இருக்கும். தூக்க முடியாது."

"அதை ஏன் தூக்கணும்?"

கீழே நான் கூட்டி வந்த வேன்காரர் ஹாரன் அடித்தார். மாமா எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஹோஸில் தண்ணீர் இன்னும் போய்க்கொண்டிருந்தது.

"டிரம்மை எடுத்துட்டு வரச் சொன்னா" என்றேன். "அவ இனிமே இங்க வரமாட்டா, மாமா."